சக்கர ஸ்டட்டில் மரை போனால்

வைகாசி பிறந்து, பேச்சிப்பாறை அணையை இந்த வருஷம் எப்போது திறப்பார்கள் என்ற பேச்சு டீக்கடையில் தொடங்கியதும், நாகர்கோவில் பட்டறைகளுக்கு வரும் டிராக்டர்களின் நோய் மாறிவிடும். அதுவரை கிளட்ச், பிரேக், டிரெய்லர் கொக்கி என்று வந்தவை இப்போது பின்சக்கரத்தைக் காட்டிக்கொண்டு வரும். செங்கலும் ஜல்லியும் இழுத்த வண்டி தொளிக்கு, அதாவது சேற்று உழவுக்கு, இறங்க வேண்டும். டயருக்குப் பதிலாக இரும்புப் பட்டைகள் கொண்ட கேஜ் வீல் மாட்டப் போனவர் பாதி நட்டுகளைக் கழற்றிவிட்டு, மீதி சும்மா சுற்றுகிறதே தவிர வெளியே வரவில்லை என்று வந்து நிற்பார்.

நாஞ்சில் நாட்டில் வருஷத்துக்கு இரண்டு பூ, அதாவது இரண்டு போகம். புரட்டாசியில் அறுப்பது கன்னிப்பூ, மாசியில் அறுப்பது கும்பப்பூ. அறுப்பு மாதத்துக்கு மலையாளக் கணக்கில் என்ன பெயரோ அதுவே பூவின் பெயர். ஒவ்வொரு பூவுக்கும் டயரைக் கழற்றிக் கேஜ் வீல் மாட்டுகிறோம், உழவு முடிந்ததும் கேஜ் வீலைக் கழற்றி டயர் மாட்டுகிறோம். அப்படியானால் ஒரு பின்சக்கரத்தின் நட்டுகள் வருஷத்துக்கு நாலு தடவை கழன்று ஏறுகின்றன. இருபது வருஷ வண்டியில் எண்பது தடவை. அதிலும் பெரும்பாலும் வரப்பில் நின்றபடி, சேறு அப்பிய மரையில், இருட்டுகிற நேரத்தில். வெறும் ரோட்டு வேலை பார்க்கும் வண்டிக்கு இல்லாத இந்தத் தொல்லை நம் வண்டிக்கு ஏன் வருகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. கடற்கரைப் பக்கத்து உப்புக் காற்றையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த அத்தியாயம் மரை போன ஸ்டட்டை எடுத்துப் புதிது போடுவது பற்றியது. ஆனால் ஸ்பேனரை எடுக்கும் முன் அது ஏன் போனது என்று கண்டுபிடித்தாக வேண்டும். காரணம் தெரியாமல் போட்ட புது ஸ்டட் அடுத்த பூவுக்குள் திரும்பிப் போகும். அப்படித் திரும்பி வந்த வண்டிகளை நிறையப் பார்த்துவிட்டேன். அவற்றில் ஒன்றிரண்டு என் கையால் செய்தவையும்தான்.

சக்கரத்தைப் பிடித்திருப்பது எது

ஸ்டட் எட்டும் சக்கரத்தை ஆணி மாதிரி தாங்கிக்கொண்டிருப்பதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் வேலை செய்வது இறுக்கம். நட்டை முறுக்கும்போது ஸ்டட் ஒரு மயிரிழை நீள்கிறது. பழைய நிலைக்குச் சுருங்கப் பார்க்கும் அந்த விசைதான் சக்கரத்தின் டிஸ்க்கை ஹப்போடு அழுத்திப் பிடிக்கிறது. 5/8 அங்குல ஸ்டட் ஒன்றை முறையாக முறுக்கினால் சுமார் 6 டன் அழுத்தம் கிடைக்கும். எட்டு ஸ்டட்டுக்கு ஏறக்குறைய 50 டன். இரண்டு இரும்பு முகங்களையும் அவ்வளவு அழுத்திப் பிடித்திருக்கும்போது, உராய்வே சக்கரத்தைத் திருப்பிவிடும். ஸ்டட்டின் பக்கவாட்டில் சுமையே விழாது.

இறுக்கம் குறைந்தால் கதை மாறும். டிஸ்க் ஒரு நூல் அளவு முன்னும் பின்னும் நகரத் தொடங்கும். ஒவ்வொரு நகர்வும் ஸ்டட்டின் மரையை அரம் போல ராவும். துளை முட்டை வடிவத்துக்குப் போகும். நட்டின் கூம்பு உட்கார இடமில்லாமல் ஆகும். ஆகவே மரை போன ஸ்டட்டைக் கண்டால், ‘இங்கே இறுக்கம் எப்படிப் போனது?’ என்பதே முதல் கேள்வி. விடை பெரும்பாலும் நாலைந்துக்குள் அடங்கிவிடும். கேஜ் வீல் தகட்டுக்கும் ஹப்புக்கும் நடுவே சேறு காய்ந்து இருந்திருக்கும். புதிதாகப் பெயின்ட் அடித்த டிஸ்க்கை அப்படியே மாட்டியிருப்பார்கள். பெயின்ட் நசுங்கி வழிய வழிய நட்டு தளர்ந்துவிடும். கூம்பு நட்டைத் திருப்பி மாட்டியிருப்பார்கள். கேஜ் வீலின் கனத்த தகடு மரை நீளத்தைத் தின்றுவிட்டு நட்டுக்கு நாலு சுற்று மட்டும் விட்டிருக்கும். நட்டு பிடிக்கும் மரையின் நீளம் குறைந்தது ஸ்டட்டின் கனம் அளவாவது இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் நீளமான ஸ்டட்டுக்குத்தான் போக வேண்டும்.

கேஜ் வீலோடு தார்ச்சாலையில் ஓட்டுவதையும் சொல்லத்தான் வேண்டும். ரோடு கெடுகிறது என்று மாவட்ட நிர்வாகம் எச்சரிப்பது எல்லோரும் அறிந்ததே. ரோட்டை விடுங்கள், உங்கள் வண்டியை நினைத்தாவது அதைச் செய்யாதீர்கள். இரும்புப் பட்டை ஒவ்வொன்றும் தாரில் விழும் அடி நேராக நட்டுக்குப் போகிறது.

இன்னொரு காரணத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அது கண்ணுக்குத் தெரியாதது.

அங்குல ஸ்டட்டில் மில்லிமீட்டர் நட்டு

சில வருஷங்களுக்கு முன் தோவாளைப் பக்கத்திலிருந்து ஓர் அண்ணாச்சி பழைய வண்டி ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். இடது பின்சக்கரம் நடக்க நடக்கத் தலையாட்டியது. எட்டு நட்டில் மூன்றைக் காணோம். இருந்த ஐந்தில் இரண்டு, விரலால் தள்ளினாலே சுற்றின.

“நட்டெல்லாம் புதுசாக்கும் தம்பி. போன கும்பப்பூவுக்கு மாத்துனது. ஸ்டட்டுதான் மோசம், கேட்டியா. பழைய இரும்பு.”

“புது நட்டு போடும்போது கையால எவ்வளவு ஏறிச்சு அண்ணாச்சி?”

“நாலஞ்சு சுத்து ஏறும். பொறவு இறுக்கமாட்டு இருக்கும். துருன்னு நினைச்சு பைப்பு போட்டு இழுத்தோம்.”

மிச்சம் இருந்த நட்டுகளில் ஒன்றைக் கழற்றி வெள்ளைத் துணியில் தட்டினேன். உள்ளேயிருந்து கறுப்பு நூல் சுருள் மாதிரி இரும்பு விழுந்தது. ஸ்டட்டில் இருந்திருக்க வேண்டிய மரை அது. நட்டு புதிதுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது எம் 16. ஸ்டட் 5/8 அங்குலம்.

கணக்கைப் பாருங்கள். 5/8 அங்குலம் என்பது 15.875 மி.மீ. எம் 16 என்றால் 16 மி.மீ. வித்தியாசம் எட்டில் ஒரு மில்லிமீட்டர். கண்ணுக்குப் பிடிபடாது. சாதாரண நட்டில் ஸ்பேனர் அளவும் ஏமாற்றும்: 5/8 நட்டுக்கு 15/16 அங்குலம், அதாவது 23.8 மி.மீ. எம் 16 நட்டுக்கு 24. ஒரே ஸ்பேனர் இரண்டிலும் உட்காரும். ஆனால் மரையின் இடைவெளி வேறு. 5/8 நைஸ் மரையில் அங்குலத்துக்கு 18 மரை, ஒரு மரைக்கு 1.411 மி.மீ. எம் 16 நைஸ் மரையில் 1.5 மி.மீ. ஒரு சுற்றுக்கு 0.09 மி.மீ. கூடத் தப்பவில்லை என்பதால் முதல் நாலைந்து சுற்று சாதுவாக ஏறிவிடும். பத்தாவது சுற்றில் ஏறக்குறைய 0.9 மி.மீ. தப்பிவிடுகிறது, அதாவது பாதி மரைக்கும் மேல். அங்கே தோன்றும் இறுக்கம் துரு அல்ல. ஒரு மரை இன்னொரு மரையின் முதுகில் ஏறி நிற்கிறது. அதன் மேல் பைப் போட்டு இழுத்தால், நட்டு தன் அளவுக்கு ஸ்டட்டைச் சீவிக்கொண்டு உள்ளே போகும். இறுகிய மாதிரியே இருக்கும். சுமையைத் தாங்க ஒன்றிரண்டு மரைதான் மிச்சம்.

இதன் தம்பி ஒருவன் உண்டு. எம் 14 ஸ்டட்டில் 9/16 அங்குல நட்டு. 9/16 என்பது 14.29 மி.மீ. நட்டு சொளசொளவென்று கடைசிவரை ஏறும். மரையின் நுனி மட்டுமே நுனியைத் தொடும். முறுக்கினால் வழுக்கிக்கொண்டு வரும்.

ஆகவே கடைக்குப் போகும் முன் உங்கள் வண்டி எந்த வம்சம் என்று தெரிந்துகொள்ளுங்கள். சென்னையில் 1960இல் தொடங்கிய டாஃபே செய்த மேசி ஃபெர்குசன், இன்டர்நேஷனல் வழியில் வந்த மகிந்திராவின் பி 275, ஃபோர்டு வழி வண்டிகள் இவையெல்லாம் அங்குல மரை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க போல்ட் ஆங்கிலேய நட்டில் ஏறாமல் பட்ட பாட்டுக்குப் பிறகு, 1948இல் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் கூடி ஒப்புக்கொண்ட அளவு அது. அதன் நைஸ் மரைக்குத்தான் யூஎன்எஃப் என்று பெயர். 1971இல் செக்கோஸ்லோவாக்கியாவின் ஸீட்டரைக் கொண்டு எச்எம்டி தொடங்கிய வண்டி மில்லிமீட்டர். ஐரோப்பிய வழியில் வந்த மற்றவையும் அப்படியே.

வம்சத்தை மட்டும் நம்பிவிடவும் கூடாது. முப்பது வருஷ வண்டியில் எத்தனை கை பட்டிருக்குமோ! ஒரே ஹப்பில் ஐந்து அங்குல ஸ்டட்டும் மூன்று மில்லிமீட்டர் ஸ்டட்டும் இருந்ததைக் கண்டிருக்கிறேன். ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். மரை கெடாத இடம் பெரும்பாலும் ஸ்டட்டின் அடியில், டிஸ்க் துளைக்குள் மறைந்திருந்த பகுதியில் கிடைக்கும். கம்பி பிரஷால் தேய்த்துவிட்டு பிட்ச் கேஜை வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். கேஜ் இல்லையென்றால் ஸ்கேல் போதும்: 15 மி.மீ.யில் சரியாகப் பத்து மரை என்றால் 1.5 இடைவெளி. ஓர் அங்குலத்தில் பதினெட்டு என்றால் யூஎன்எஃப். அளவு தெரிந்த ஒரு டேப்பை ஸ்டட்டின் பக்கவாட்டில் ஒட்டி வைத்தாலும் பல்லோடு பல் உட்காருவதிலிருந்து சொல்லிவிடலாம்.

தூக்குவதற்கு முன்

சமமான கெட்டித் தரை. வயலுக்குள் இந்த வேலை வேண்டாம். எஞ்சினை நிறுத்தி, கியரில் போட்டு, தூக்காத பக்கத்துச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். நட்டுகளை அரைச் சுற்று தளர்த்துவது சக்கரம் தரையில் இருக்கும்போதே.

பலரும் மறக்கும் ஒன்று. டிராக்டரின் முன் ஆக்ஸில் நடுவில் ஒரே பின்னில் தொங்கி ஆடுவது. பின்பக்கம் ஒன்றைத் தூக்கியதும் வண்டி முழுக்க அந்தப் பின்னில் சாயப் பார்க்கும். முன் ஆக்ஸிலுக்கும் அதன் மேலுள்ள தாங்கிக்கும் நடுவே இரண்டு பக்கமும் மர ஆப்பு அடித்துவிட்டால் அந்த ஆட்டம் நிற்கும். பிறகு ஜாக்கியால் பின் ஆக்ஸில் கூட்டைத் தூக்கி, கனத்த மரக்கட்டைகளை அடுக்கி அதன் மேல் இறக்குங்கள். ஹைட்ராலிக் ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு இல்லை. செங்கலையும் ஹாலோ பிளாக்கையும் அடுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். அவை சொல்லாமல் பொடிந்துவிடும்.

பின் டயரில் தண்ணீர் நிரப்பியிருக்கிறீர்களா என்று யோசித்துக்கொள்ளுங்கள். 12.4-28, 13.6-28 டயர்களில் முக்கால் அளவு நிரப்பினால் 150 முதல் 200 லிட்டர் வரை கொள்ளும். அத்தனை கிலோவும் சக்கரத்தோடு சேர்ந்து உங்கள் மேல் சாயக் காத்திருக்கிறது. வால்வை மேலே திருப்பிக் காற்றை விட்டு, பிறகு கீழே திருப்பித் தண்ணீரை வடித்துவிட்டுத் தொடங்குவது நல்லது. சக்கரத்தை வெளியே இழுக்கும்போது டயருக்குக் கீழே கிரீஸ் தடவிய தகரம் போட்டால் வழுக்கிக்கொண்டு வரும். தகரம் இல்லாவிட்டால் நனைந்த வாழைப்பட்டை. அதற்கு இந்த ஊரில் பஞ்சமே கிடையாது.

சுற்றுகிற நட்டு, வராத ஸ்டட்

மரை போன நட்டு சுற்றிக்கொண்டே இருந்தால், அதற்கும் டிஸ்க்குக்கும் நடுவே உளியின் நுனியைச் செருகி வெளிப்பக்கம் நெம்பிக்கொண்டே ஸ்பேனரைத் திருப்புங்கள். மிச்சமிருக்கும் மரையில் பிடித்து வந்துவிடலாம். வரவில்லை என்றால் நட்டைப் பிளப்பதுதான் வழி. கிரைண்டரால் நட்டின் ஒரு முகத்தில், ஸ்டட்டுக்கு இணையாக, பாதிக்கு மேல் வெட்டி, அந்தக் கீறலில் உளியை வைத்து ஒரு அடி. நட்டு வாய் திறந்துவிடும்.

இங்கே ஒரு கண்டிப்பு. டயர் மாட்டியிருக்கும்போது ரிம்மிலோ டிஸ்க்கிலோ கேஸ் தீயையும் வெல்டிங்கையும் கொண்டுபோகாதீர்கள். சூட்டில் உள்ளே ரப்பர் கரிந்து வாயு கிளம்பும். காற்றுள்ள டயர் குண்டு மாதிரி வெடிக்கும். காற்றை இறக்கிவிட்டோம் என்பதும் பாதுகாப்பு ஆகாது. சூடு காட்ட வேண்டிய வேலை எல்லாம் சக்கரத்தைக் கழற்றித் தள்ளி வைத்த பிறகு.

சக்கரம் வந்ததும் ஹப்பைப் பார்த்தால் ஸ்டட் எந்த ஜாதி என்பது தெரியும். ஒன்று, பின்பக்கம் தலையோடு, கழுத்தில் பல் பல்லாக, துளைக்குள் அடித்து ஏற்றியது. இன்னொன்று, இரு முனையும் மரை உள்ளது; ஒரு முனை ஹப்புக்குள் திருகி நிற்கும்.

அடித்து ஏற்றியதற்கு வழி பின்பக்கம். முன்சக்கரம் என்றால் எளிது. கிரீஸ் மூடியைத் தட்டி எடுத்து, ஸ்பிளிட் பின்னை உருவி, காஸில் நட்டைக் கழற்றி ஹப்பை மேசைக்கே கொண்டுவந்துவிடலாம். ஹப்பை வெறும் தரையில் வைத்து அடித்தால் வார்ப்பிரும்பு விண்டுவிடும். ஸ்டட்டின் துளையைச் சுற்றித் தாங்கும்படி ஒரு குழாய்த் துண்டைக் கீழே கொடுத்து, முடிந்தால் பிரஸ்ஸில், முடியாவிட்டால் பித்தளைக் கம்பி வைத்துச் சுத்தியலால். திரும்ப மாட்டும்போது காஸில் நட்டை ஹப் சற்றுப் பிடிக்கும்வரை முறுக்கி, அடுத்த பிளவுக்குத் தளர்த்தி, ஸ்பிளிட் பின் புதிதாகப் போடுங்கள். பழைய பின்னை நிமிர்த்திப் போடுவது கஞ்சத்தனத்தின் உச்சம்.

பின்சக்கரத்தில் பல மாடல்களில் ஆக்ஸில் ஷாஃப்ட்டின் முகத்தட்டிலேயே ஸ்டட் இருக்கும். அதன் மேல் பிரேக் டிரம் உட்கார்ந்திருக்கும். டிரம்மைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூக்களைக் கழற்றி அதை எடுத்தால், பின்னாலே ஸ்டட் வெளியே வர இடம் இருக்கிறதா என்று தெரியும். இடமில்லாவிட்டால் ஷாஃப்ட்டை இழுக்க வேண்டும். அது அரை நாள் வேலை. இழுத்துவிட்டால் ஆயில் சீலையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். இடத்துக்குத் தோதாக ஸ்டட்டின் தலையைச் சீவிப் போடும் ஆட்கள் உண்டு. சீவிய பக்கம் சாய்ந்து பிடிக்கும் ஸ்டட் நேராக நிற்காது.

திருகி நிற்பதற்கு முதல் நாள் மாலையே துரு விடுவிக்கும் எண்ணெய் ஊற்றிவிடுங்கள். மரை கொஞ்சம் மிச்சம் இருந்தால் இரண்டு நட்டை ஏற்றி ஒன்றோடொன்று இறுக்கி, உள்பக்க நட்டைத் திருப்பினால் ஸ்டட்டே வரும். மரை முழுக்கப் போயிருந்தால் ஒரு பெரிய நட்டை ஸ்டட்டின் மேல் செருகி, நட்டின் உள்பக்கம் நிரம்ப வெல்டு வையுங்கள். வெல்டின் சூடே துருவை உடைத்துவிடும். சிவப்பு மங்கியதும், கை பொறுக்காத சூட்டிலேயே, முன்னும் பின்னுமாக அசைத்து அசைத்துத் திருப்ப வேண்டும். ஒரே மூச்சில் இழுத்தால் முறியும்.

ஹப் மட்டத்தில் ஒடிந்தவற்றுக்கு நடுவில் பஞ்ச் அடித்து ட்ரில் போடுவதே வழி. இடது மரை ட்ரில் பிட் கிடைத்தால் துளை போடும்போதே மிச்சத் துண்டு சுற்றிக்கொண்டு வெளியே வரக்கூடும். ஈஸி அவுட் என்று விற்கும் கருவியில் எனக்கு நம்பிக்கை இல்லை. அது உள்ளே ஒடிந்தால் அதன் எஃகை வெட்டச் சாதாரண ட்ரில்லால் ஆகாது. அப்புறம் உங்கள் பாடு கடவுள் பாடு.

புது ஸ்டட்

உடனே வேண்டும் என்ற அவசரத்தில் லேத்துக்குப் போய், கிடைத்த கம்பியில் ஸ்டட் கடைந்து வாங்குகிறவர்கள் பலர். சின்னமுட்டம், குளச்சல் படகுகளுக்கு ஷாஃப்ட் கடைந்து பழகிய கைகள் நம் ஊரில் உண்டு. வேலை நேர்த்தியாகவே இருக்கும். குறை இரும்பில். 8.8 என்று பொறித்த ஸ்டட் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுத்தால்தான் அறும். சாதாரண மைல்டு ஸ்டீல் கம்பிக்கு அதில் பாதிதான். நீளத் தொடங்கும் நிலையை வைத்துப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு பக்கம்தான் தேறும். அப்படியான ஸ்டட்டை எவ்வளவு முறுக்கினாலும் 6 டன் அழுத்தம் வராது. முறுக்க முறுக்க மாவாக நீண்டுகொண்டே போகும். கடைந்தே ஆக வேண்டும் என்றால் பதம் ஏற்றிய ஈஎன் 24 கேளுங்கள், ஈஎன் 8 அதற்கு அடுத்தது. கடைச்சரக்கில் 8.8, 10.9 என்ற எண்ணைத் தேடுங்கள். அங்குல போல்ட்டின் தலையில் எண் இருக்காது. மூன்று கோடு இருந்தால் கிரேடு 5, ஆறு கோடு என்றால் கிரேடு 8. ஒன்றும் இல்லாததை வைத்துவிட்டு வாருங்கள்.

ஒரு ஸ்டட் போயிருந்தால் அதன் இரு பக்கத்து ஸ்டட்டையும் மாற்றுங்கள். இரண்டு போயிருந்தால் அந்தச் சக்கரத்தின் எட்டையும். மிச்சம் நின்றவை கூடுதல் சுமை தாங்கிக் களைத்தவை. நட்டும் கூடவே புதிது. முனையில் இரண்டு மரை மட்டும் நசுங்கியிருந்து, நட்டு பிடிக்கும் இடம் சுத்தமாக இருந்தால் டை விட்டுச் சரிசெய்துகொள்ளலாம். மாற்ற வேண்டாம்.

திருகும் ஸ்டட்டைப் போடும்போது துளையை டேப் விட்டுச் சுத்தம் செய்து, மரை ஒட்டும் பசை இரண்டு சொட்டு விட்டு, இரட்டை நட்டால் இறுக்குங்கள். மூலை மட்டத்தை ஹப் முகத்தில் வைத்து நிமிர்வு பாருங்கள். பல் உள்ள ஸ்டட்டை அதே பள்ளங்களில் பல் உட்காரும்படி திருப்பி வைத்து ஏற்ற வேண்டும். தலை பின்முகத்தில் முழுக்க ஒட்டாமல் ஒரு தாள் கனம் இடைவெளி இருந்தாலும், வயலில் அது உட்கார்ந்து நட்டு தளரும்.

ஹப் துளையின் மரையே போயிருந்தால்

பயப்பட வேண்டாம். ஒரு அளவு பெரிதாக்கலாம். 9/16 துளை கெட்டிருந்தால் 14.5 மி.மீ. ட்ரில் விட்டு 5/8 நைஸ் மரை போடலாம். பழைய மரை அநேகமாக முழுக்க அழிந்துவிடும். 5/8 துளை கெட்டிருந்தால் 17.5 மி.மீ. ட்ரில், 3/4 நைஸ் மரை, அங்குலத்துக்கு 16. ஹப் பக்கம் பெரிய மரையும் சக்கரப் பக்கம் பழைய மரையுமாகப் படி வைத்த ஸ்டட்டை லேத்தில் கடைய வேண்டியிருக்கும். படி மாறும் மூலை கூராக இல்லாமல் வளைவாக இருக்க வேண்டும் என்று கடைபவரிடம் சொல்லுங்கள். கூர் மூலையில்தான் விரிசல் தொடங்கும். பழைய அளவையே காக்க வேண்டுமென்றால் உள்ளே கம்பிச் சுருள் மரை வைக்கும் முறையும் உண்டு.

ட்ரில் போடும்போது கீழே விழுவதைக் கவனியுங்கள். பொடியாகக் கொட்டினால் வார்ப்பிரும்பு, சுருளாக வந்தால் எஃகு. வார்ப்பிரும்பு ஹப் என்று தெரிந்துவிட்டால், புது ஸ்டட்டை வெல்டு வைத்து நிறுத்தலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். எஃகு முகத்தட்டிலும் நான் வைக்க மாட்டேன். வெல்டின் ஓரம் கண்ணாடி மாதிரி ஆகி, நல்ல மத்தியான உழவில் படக்கென்று விட்டுவிடும். ட்ரில்லைக் கையில் பிடித்துப் போடவும் வேண்டாம். சாய்ந்த துளையில் நிற்கும் ஒரு ஸ்டட் மற்ற ஏழையும் கெடுக்கும்.

டிஸ்க் துளை முட்டை வடிவம் ஆகியிருந்தால் டிஸ்க்கை மாற்றுங்கள். துளையை வெல்டால் நிரப்பித் திரும்ப ட்ரில் போட்டு வருபவை வட்டத்தில் அரை மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். டிஸ்க்கின் விலையைச் சொன்னதும் முகம் சுளிக்காதவர் இல்லை. மூன்று பூவுக்கு ஒருமுறை எட்டு ஸ்டட் போடும் செலவை எழுதிக் காட்டிய பிறகே ஒப்புக்கொள்வார்கள்.

முறுக்கு

ஹப் முகம், டிரம் முகம், டிஸ்க் முகம் மூன்றையும் கம்பி பிரஷால் பளபளக்கத் தேய்த்த பிறகு சக்கரத்தை ஏற்றுங்கள். கூம்பு டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். மரைக்கு ஒரு சொட்டு எண்ணெய் போதும், கூம்பில் வேண்டாம். எண்ணெய் விட்டால் இழுப்பைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். அதே முறுக்கில் ஸ்டட் கூடுதலாக நீளும்.

எல்லா நட்டையும் கையால் கடைசிவரை ஏற்றுங்கள். கையால் ஏறாத நட்டு தப்பான நட்டு. பிறகு எதிரெதிராக, ஒன்றுக்கு அடுத்து ஐந்து, மூன்றுக்கு அடுத்து ஏழு என்ற ரீதியில், மூன்று சுற்றில் இறுக்குங்கள். முறுக்கு அளவுக்கு உங்கள் வண்டியின் கையேடே சட்டம். கையேடு தொலைந்துபோன வண்டிக்கு, 8.8 தர ஸ்டட் என்றால், 5/8க்கு 200 நியூட்டன் மீட்டர், 9/16க்கு 150 என்று வைத்துக்கொள்கிறேன். டார்க் ரெஞ்ச் இல்லையா? நட்டின் மையத்திலிருந்து ஒரு மீட்டரில் 20 கிலோ அழுத்தினால் அது 200 நியூட்டன் மீட்டருக்குப் பக்கம். தொங்கு தராசைக் கைப்பிடியில் கொக்கி போட்டு நேராக இழுத்து ஒருமுறை பார்த்துவிட்டால் கை கணக்கைப் பிடித்துக்கொள்ளும். ஒரு மீட்டர் பைப்பின் நுனியில் 70 கிலோ ஆள் ஏறி நின்றால் அது 690. ஒரு 5/8 ஸ்டட் தோராயமாக 330லேயே மீளாமல் நீளத் தொடங்கும். ஏறி நின்று குதிப்பவர்களைப் பற்றி எழுத எனக்குப் பொறுமை இல்லை.

ஒரு மணி நேரம் ஓட்டியதும் திரும்ப முறுக்குங்கள். அன்று சாயங்காலம் இன்னொரு முறை. தொளி உழவு நடக்கும் நாட்களில் தினமும் காலையில். நட்டிலிருந்து டிஸ்க்குக்கு மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு இழுத்துவிட்டால், கோடு முறிந்திருக்கிறதா என்று நடந்துகொண்டே பார்த்துவிடலாம். சேற்றைக் கழுவினால்தான் கோடு தெரியும் என்பதால் சக்கரம் கழுவுவதும் நடந்துவிடும்.

தோவாளை அண்ணாச்சியின் வண்டிக்கு எட்டு ஸ்டட், எட்டு நட்டு, ஒரு டிஸ்க் போட்டோம். அடுத்த நாள் வந்தார். மூன்று நட்டுகள் கால் சுற்று போயின. மூன்றாம் நாள் வந்தபோது ஒன்றும் அசையவில்லை. பழைய ஸ்டட் ஒன்றையும் அதற்குச் சரியான நட்டு ஒன்றையும் கம்பியில் கோத்து டூல் பாக்ஸில் போட்டுக் கொடுத்தேன், கடைக்குப் போகும்போது வாயால் அளவு சொல்லாமல் இதைக் காட்டும்படி. “இந்த எம் 16க்காரனுவள என்ன செய்ய?” என்று மீந்த நட்டுகளைக் காட்டினார். பக்கத்து வயல்காரரிடம் எச்எம்டி இருக்கிறதாம், கொடுத்துவிடட்டுமா என்றார். அந்த வண்டியின் ஸ்டட்டை அளந்த பிறகு கொடுங்கள் என்றேன்.